தலை தட்டாத வெண்டைக்காய்ப் பெட்டி

எங்கள் கடைக்கு வரும் வெண்டைக்காயைக் கொல்வது யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் திண்டுக்கல்லுக்குப் போனேன். குடிநுழைவு அதிகாரியிடம் இதைச் சொன்னால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார் என்று பயந்து, "சுற்றுலா" என்று சொல்லிவைத்தேன்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நானும் என் வீட்டுக்காரரும் காய்கறிக் கடை வைத்திருக்கிறோம். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து சமத்தாக வந்து சேரும். வெண்டைக்காய்தான் வம்பு. ஏறும்போது பச்சை, இறங்கும்போது கறுப்பு. அட்டைப்பெட்டியைத் திறந்தால் உடம்பெல்லாம் தழும்போடு கிடக்கும். பாதியை அப்படியே குப்பைக்குத் தள்ளுவோம். எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் சீனச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது யாரோடு சண்டை போட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டுவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

அனுப்புகிறவள் ஆரோக்கியமேரி. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு ஊரில் விவசாயம். தொலைபேசியில்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. ஆனாலும் நான் அவளுக்கு அக்கா, என் வீட்டுக்காரர் மாமா. எங்களை நம்பிப் பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து வெண்டை போட்டிருந்தாள். "நீ திரும்புவதற்குள் ஒரு லோடாவது பச்சையாக வந்து சேரட்டும். இல்லையென்றால் நிறுத்திவிடுவோம்" என்று கறாராகச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார். நாங்கள் நிறுத்தினால் அவள் அத்தனையையும் உள்ளூர்ச் சந்தையில் கொட்ட வேண்டும். வெண்டை விலை விழுந்து கிடந்த நேரம் அது. கொட்டுவது என்றால் நிஜமாகவே குப்பையில் கொட்டுவதுதான்.

முதல் நாள் நேராக பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட பெரிய கூடம். கிராமத்திலிருந்து பிளாஸ்டிக் பெட்டிகளில் வரும் காயை இங்கேதான் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, விமானத்துக்கு அனுப்புகிறார்கள். பொறுப்பாளர் செல்வம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் போனைத் திறந்தார்.

"பாருங்கக்கா, ஒவ்வொரு லோடும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எங்க கையில இருக்கும்போது பச்சப்பசேல்னுதான் இருக்கு. பிளேன்ல என்னத்த பண்றாய்ங்களோ?"

படத்தில் பச்சையாகத்தான் இருந்தது. சந்தேகப்பட வேண்டியவர்களில் ஒருவர் குறைந்தார். விமானத்தை விசாரிக்க எனக்கு வழியில்லை என்பதால் சாப்பிடப் போனேன்.

திண்டுக்கல் பிரியாணியைப் பற்றி எழுதாமல் இந்த ஊரைத் தாண்டினால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பிரியாணியில் அரிசி நீளம், கோழிக்கால் பெரியது, நடுவில் ஒரு முட்டை கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். இங்கே அரிசி பொடிசு, கறித்துண்டு பொடிசு, ருசி மட்டும் பெரிசு. பரிமாறியவர் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வைக்கவாம்மா?" என்று கேட்டார். வைத்த பிறகு கேட்பது இந்த ஊர் வழக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது கரண்டியில்தான் இலையை மூடத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் காய்கறிச் சந்தையில் ஒரு சுற்று. வயலுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு காய் எத்தனை விதமாகச் சாகலாம் என்பதை அங்கே நின்றபடியே பார்க்கலாம். கோஸ் மூட்டையை லாரியிலிருந்து பந்து மாதிரி எறிந்தார்கள். பிடிக்க வேண்டியவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தக்காளி வெயிலில் காய்ந்தது. கீரைக்காரம்மா கீரைக் கட்டைக் குடத்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். அந்தச் சமயத்துக்குத் தளதளவென்று இருக்கும், வீட்டுக்குப் போனால் அழுகிவிடும். ஒரு அம்மா வெண்டைக்காயை முனை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடிச்சா எடுத்துக்கணும் தாயி" என்றார் கடைக்காரர்.

"எடுக்காமயா ஒடிக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு, ஒடித்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒடிக்காததாகப் பார்த்து அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார் அந்த அம்மா. தேக்காவில் இதே காட்சியைத் தினமும் பார்த்து வயிறு எரிகிறவள் நான். அந்தக் கடைக்காரரிடம் என் துயரத்தைச் சொல்லலாம் என்று நெருங்கினேன். "யம்மா, நீங்களுமா?" என்றார். குனிந்து பார்த்தால் என் கையில் ஒரு வெண்டைக்காய், முனை ஒடிந்து இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது ஒடித்தேன், சத்தியமாகத் தெரியாது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மேரியின் ஊருக்கு டவுன் பஸ். டிக்கெட் கேட்டதற்கு நடத்துநர் கையை ஆட்டிவிட்டார். பெண்களுக்கு இலவசம். "நான் சிங்கப்பூர்" என்றேன். "சிங்கப்பூர்லயும் பொம்பளைகதானம்மா?" என்றார். எங்கள் ஊரில் பேருந்து எந்த நிமிடம் வரும் என்று போன் சொல்லும். இங்கே யாரும் சொல்வதில்லை, ஆனால் வந்த பேருந்து எனக்காக நின்றது, நான் உட்கார இடம் வாங்கிக் கொடுத்தது, ஊர் வந்ததும் ஓட்டுநரே திரும்பி, "மேரி வீட்டுக்கா? இந்தா, இந்தப் பாதைல போங்க" என்றார். மேரி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள்.

அவள் வயலில் இருந்தாள். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெண்டைச் செடியின் சுணை பட்டால் கையெல்லாம் அரிக்கும் என்பதால் பறிக்கிற பெண்கள் எல்லோருக்கும் அதே வேஷம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தவள், சுணைக் கையோடு கட்டிப்பிடிக்கக் கூடாது என்று நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"போன்ல பேசுறப்ப ஒல்லியா இருப்பீகன்னு நெனச்சேங்க்கா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சந்தேகப் பார்வையோடு ஒவ்வொன்றையும் கவனித்தேன். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட்டார்கள். பறித்ததை வேப்பமரத்து நிழலில் பரப்பினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுப் படவில்லை. முற்றியது, வளைந்தது எல்லாம் தனியாகப் போனது. பெட்டிகளை மேரி யாரையும் நிரப்ப விடவில்லை, தானே நிரப்பினாள். விளிம்பு வரை நிரப்பி, அதற்கு மேல் இரண்டு கை, அதற்கும் மேல் ஒரு கை என்று கும்பாச்சியாக ஏற்றினாள். பிறகு பெருவிரலால் பெட்டிக்குச் சிலுவை போட்டு அடுத்ததற்குப் போனாள். பெட்டிக் கணக்கில்தான் எங்களுக்கு விலை. மேலே ஏறுகிற கும்பம் அவள் மனசுக் கணக்கு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இவளையா நிறுத்தப் போகிறோம் என்று இருந்தது.

மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. மொச்சைக் குழம்பு, வறுத்த கருவாடு, முட்டை. "வெண்டைக்கா வெஞ்சனம் இல்லையா?" என்று நான் கேட்டதும் அவள் புருஷன் சவரிமுத்து அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பகலெல்லாம் மூஞ்சியப் பாக்குறது பத்தாதா? தட்டுலயும் பாக்கணுமா?" மேரி காபியைத் தம்ளர் விளிம்பில் பொங்கி நிற்கிற மாதிரி ஊற்றியிருந்தாள். தூக்க முடியாமல், எருமை மாதிரி குனிந்து உறிஞ்சினேன்.

சரக்கு வண்டி வர நேரமாகும் என்றார்கள். அதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய், பெட்டிகள் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நான் கிளம்பிச் சாலைக்கு வந்தேன். இங்கேதான் விதி விளையாடியது. வெகு நேரமாகியும் பஸ் வரவில்லை. நிழற்குடையில் என்னோடு காத்திருந்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கர்ப்பமாக இருந்த பிரின்சி என்ற பெண், கூடவே அவள் மாமியார், மடியில் பிரஷர் குக்கரை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர்.

"பஸ் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு வந்தா வரும்" என்றார் குக்கர்காரர். "காஜா வண்டி கட்டாயம் வரும்."

சொன்ன மாதிரியே ஒரு குட்டியானை மினிலாரி வந்து நின்றது. பின்னால் சாக்குப் போட்டு மூடிய சரக்கு. அதன்மேல் ஏற்கெனவே ரெண்டு மூன்று பேர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைகொடுத்து என்னைத் தூக்கினார்கள். நான் ஒரு ஓரமாக உட்காரப் போனதும் மாமியார் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கன வேணாம்மா, குத்தும். இங்கிட்டு வாங்க, இதான் மெத்து மெத்துன்னு இருக்கும். பிரின்சி, அம்மாவுக்கு எடம் விடு."

உண்மைதான். அடியில் குளுகுளுவென்று, மெத்தைபோல் இருந்தது. பயணச் சுகம் என்றால் அதுதான் சுகம். காற்று முகத்தில் அடித்தது. சிறுமலை தூரத்தில் கூடவே வந்தது. குக்கர்காரர் தன் குக்கருக்கு வாஷர் தேடி அலையும் கதையைச் சொன்னார். பிரின்சிக்கு மாதாமாதம் பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை. பஸ்ஸை நம்பினால் டாக்டர் போய்விடுவார் என்பதால் காஜா வண்டிதான் அவளுக்கு. காசு வாங்குவதில்லையாம். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் ஒரு வேலையும் இல்லாத மனுஷியைப் போலச் சிரித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலையத்திலும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் நான் மட்டும். வண்டி ஒரு கேட்டுக்குள் திரும்பியது. பார்த்தால் செல்வத்தின் ஷெட்.

"அட, நானும் இங்கேதான் இறங்க வேண்டும்" என்றேன் சந்தோஷமாக.

காஜா வந்து சாக்கை விலக்கினார். மேரி கும்பம் ஏற்றிச் சிலுவை போட்ட அதே பெட்டிகள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கும்பம் அமுங்கி, ஒரு பள்ளம். செல்வம் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதை தெரிந்தவர் என்பதால் வேறு பக்கம் பார்த்தார். கொலைகாரனைப் பிடிக்கக் கடல் தாண்டி வந்தவள், பிணத்தின் மேலேயே சவாரி செய்து வந்திருக்கிறேன்.

"என்னங்க இது? காய்மேல ஆளை ஏற்றுவீர்களா?" என்று காஜாவிடம் கத்தினேன். கோபத்தில் பாதி வெட்கம்.

காஜா அசரவில்லை. "அக்கா, நாலஞ்சு வீட்டுப் பெட்டி ஏத்திட்டு வாரேன். மத்தவுக பெட்டியெல்லாம் வெளிம்புக்குச் சமமா தலை தட்டிக் கெடக்கும். உக்காந்தா பிளாஸ்டிக் வெளிம்பு குத்தும். வெயிட்ட வெளிம்பு தாங்கிக்கிரும், காய்க்கு ஒண்ணும் ஆகாது. மேரியக்கா பெட்டிதான் கோபுரம் மாதிரி இருக்கும். அதான் எல்லாரும் அதுல உக்காரப் போட்டி போடுவாக."

அமுங்கியதில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டேன். அப்போது பார்க்க ஒரு குறையும் இல்லை. செல்வத்தின் போட்டோவில் இருந்த அதே பச்சை. அந்த லோடை விமானத்துக்கு விடாமல் அன்றைக்கே உள்ளூரில் விற்கச் சொன்னேன். பையை லாட்ஜ் மேசையில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உடம்பிலும் கறுப்புத் தழும்பு. வெண்டைக்காய் அடியை உடனே காட்டிக்கொடுப்பதில்லை. எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் தோன்றியது, ஆள் ஏற்றாதே என்று காஜாவிடம் கண்டிப்பாகச் சொல்வது. போன் போட்டேன்.

"ஏத்த வேணாம்னா ஏத்தலக்கா. பிரின்சி கைகாட்டுனா நீங்க வண்டில உக்காந்து, நிக்காதன்னு சொல்லுங்க. நான் நிக்க மாட்டேன்."

அந்த வேலை என்னால் ஆகாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். மேலும் மற்ற வீட்டுக் காய்க்கு ஒன்றும் ஆகவில்லையே. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேரி பெட்டியைத் தலை தட்ட வேண்டும். இதைச் சொல்ல மறுபடியும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன், எதுவும் பிரயோஜனப்படவில்லை.

கறுத்த காய்களை அவள் வீட்டு முற்றத்தில் பரப்பி எல்லாவற்றையும் விளக்கினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். அவள் முகமும் கறுத்துவிட்டது.

"தலை தட்டியா? உங்களுக்கா?" என்றாள். "சந்தையில கமிஷன் கடைக்காரனுக்குத் தட்டிப் போடுவேன். அவன் யாரோ, நான் யாரோ. உங்களுக்கும் அப்பிடிப் போட்டா, மாமா என்னக்கா நெனப்பாரு? அக்கா அக்கான்னு வாய் நெறையக் கூப்புட்டுட்டு, கைல கஞ்சத்தனம் பண்றாளேன்னு நெனக்க மாட்டாரு?"

"மேலே வைக்கிறதை இன்னொரு பெட்டியில் போட்டு, அதற்கும் விலை வாங்கிக்கொள்ளேன்" என்றேன்.

அது தப்பு. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சவரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்குக் காசு பேசிட்டீங்களேம்மா" என்றார் மெதுவாக.

எனக்கு அழுகை வந்தது. இவள் அன்பே இவளை அழித்துவிடும் போலிருந்தது. வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன்: "மேரி, நீ அள்ளி அள்ளி வைக்கிறது எங்களுக்கு வந்து சேரவில்லை! குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. இன்னும் ஒரு லோடு இப்படி வந்தால் மாமா நிறுத்தச் சொல்லிவிட்டார். எனக்கு உன்னை விட மனசில்லை."

உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம். பிறகு, "சாப்டீங்களா?" என்று ஒரு குரல், இன்னும் கோபம் தணியாமல்.

அடுத்த பறிப்பு அன்று அதிகாலையிலேயே வயலில் இருந்தேன். மாதா கோயிலில் கால் ஒடிந்து கிடந்த ஒரு பெஞ்சின் பலகையைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிவந்திருந்தார் காஜா. பெட்டிகளின் மேல் குறுக்கே போட்டுவிட்டால் ஆட்கள் அதில் உட்காரலாம், பாரம் விளிம்புகளில் இறங்கிவிடும். எல்லாம் தயார். மேரி மட்டும் நிரம்பி வழிகிற பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். கை நீளவில்லை.

"அக்கா, நீங்க செத்த நேரம் அங்குட்டுத் திரும்பிக்கங்க" என்றாள்.

திரும்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வெண்டைக்காய்கள் கூடைக்குள் திரும்பி விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்டது. முடிந்தபோது பெட்டிகளெல்லாம் தரை மாதிரி சமமாக இருந்தன, அவள் கண் சிவந்திருந்தது. கூடையில் மீந்ததை வண்டியில் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கையாகக் கொடுத்தனுப்பினாள். பெரியவர் குக்கரிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டார். வாஷர் இன்னும் கிடைக்கவில்லையாம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மேரி வீட்டில் விருந்து. நாட்டுக்கோழி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வீட்டுக்காரர் திறந்த அட்டைப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பறித்த அன்றைக்குப் பார்த்த அதே பச்சை. கீழே, "குப்பைக்கு ஒன்றுமே போகவில்லை. தொடர்ந்து அனுப்பச் சொல்" என்று எழுதியிருந்தார். சவரிமுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் துள்ளாத குறைதான்.

மேரி அடுப்பை விட்டு வந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். நான் நீட்டிய போனை வாங்கவில்லை.

"அக்கா, மாமா எதுவும் கேட்டாரா?"

"என்ன கேட்க?"

"சரக்கு கொறச்சலா வந்திருக்கேன்னு... எதுவும்..."

"இல்லை மேரி" என்றேன். "இம்புட்டு நாள்ல இந்தத் தடவைதான் நிறைய வந்து சேர்ந்திருக்கு."

நான் அவளுக்காக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அது நிஜம். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நிஜம்தான் என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள்.

"அதான பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் போட்டோவைக் காட்டச் சொன்னாள்.